வேன் போன பிறகு வகுப்பில் இருப்பவர்கள்

காலை எட்டேகால் மணிக்கு எங்கள் ஊர் அம்மன் கோயில் முனையில் மூன்று மஞ்சள் வேன்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். கழுத்தில் டை, காலில் ஷூ, தோளில் தண்ணீர் பாட்டிலுடன் பிள்ளைகள் ஏறியதும் அவை புழுதி கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிவிடும். அந்தப் புழுதி அடங்குவதற்குள் எதிர்த்திசையிலிருந்து, காலை உணவுக்காகக் கையில் தட்டோடு ஒரு வரிசை வரும். அந்த வரிசைதான் எங்கள் பள்ளி. திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகளுக்கு நடுவே உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருக்கிறேன். என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், இன்றைய நிலவரப்படி 38 பிள்ளைகள்.

சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக் கூட்டத்தில், பள்ளிகளின் பெயரும் அவற்றுக்கு எதிரே தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றின் அடைவுச் சதவீதமும் அச்சிடப்பட்ட ஒரு தாளை எங்கள் கையில் கொடுத்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டப்பட்டிருந்த அந்தத் தாளில் எங்கள் பள்ளி சிவப்பில் இருந்தது. "மூன்று வருஷத்துக்கு முன்னால் நன்றாகத்தானே இருந்தது, இப்போது என்னம்மா ஆயிற்று?" என்று கேட்டவர் கடுமையாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது முழுக்க அந்தக் கேள்வியே மனத்தில் ஓடியது. மறுநாள் பீரோவிலிருந்து சேர்க்கை நீக்கப் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தேன். அந்தப் பதிவேட்டில் நான் பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகள் யார் என்று பார்க்கலாம். 38 பேரில் 23 பேர் பெண்கள், 15 பேர் ஆண்கள். ஆதிதிராவிடர் 17, இருளர் 9, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 6, பிற்படுத்தப்பட்டோர் 2, சூளை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் 4. பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்ற ஒரே சொல்லை நான் 29 இடங்களில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் சூளைக்காரரும், மரம் வெட்டப் போகிறவரும், நூறு நாள் வேலைக்குப் போகிறவரும், கட்டட வேலைக்காகச் சென்னையில் தங்கி மாதம் ஒருமுறை வருகிறவரும் அடங்கிவிடுகிறார்கள். நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் பதிவேட்டில் 96 பெயர்கள் இருந்தன. ஊர்த்தெருவில் நிலம் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையும், மளிகைக் கடைக்காரர் பிள்ளையும், காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த காலம் அது. இன்று ஊர்த்தெருவிலிருந்து வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெண் பிள்ளைகள் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கு வருகிற விருந்தினர்கள் சிலர் மகிழ்ச்சி அடைவதுண்டு. அதன் காரணம் அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதல்ல. எங்கள் நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய தம்பி காலையில் வேனில் ஏறுகிறான். தம்பியை வேன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அவன் கையசைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் எந்தப் பிள்ளை என்பதை அந்த வீடு முடிவு செய்திருக்கிறது. அவளுடைய அம்மாவிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அவ எங்க போட்டாலும் படிச்சுக்குவா டீச்சர்" என்றார். அது உண்மையும்கூட, வகுப்பில் தமிழைத் தடையின்றி வாசிப்பவர்களில் அவளும் ஒருத்தி.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முதலாவதை யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.8. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1ஐ விட இது குறைவு. எங்கள் ஊரிலேயே மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ என்றான பிறகு அந்த ஒன்றுக்குச் செலவழிக்கும் துணிவு பெற்றோருக்கு வந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில் அப்பாவுக்கு இடம் கிடைத்த அடுத்த ஜூனில், பிள்ளைக்கு வேனில் இடம் கிடைத்துவிடும். எங்கள் பதிவேட்டில் இது எழுதப்படாத விதி. 2012–13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. எங்கள் பள்ளியிலும் உண்டு. ஆனால் பெற்றோர் தேடுவது ஆங்கில வழியை மட்டும் அல்ல என்பது எனக்குப் புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் இருப்பதையும், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிற இடமாக இருப்பதையும், இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், யாருடைய பிள்ளையோடு தன் பிள்ளை உட்கார்கிறது என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு இந்தப் பிரிப்பில் வேறொரு வேலையைச் செய்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு நிலை வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அதற்கான கட்டணத்தை அரசு அந்தப் பள்ளிகளுக்குத் திருப்பித் தருகிறது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த இடத்தைப் பெற இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று வேண்டும். இ-சேவை மையத்துக்கு நாலு நடை நடக்க வேண்டும். அந்த நடை நடக்கத் தெரிந்த ஏழைக் குடும்பமும் அது தெரியாத ஏழைக் குடும்பமும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. முதல் குடும்பத்தின் பிள்ளை வேனில் ஏறிவிடுகிறது. இரண்டாவது குடும்பத்தின் பிள்ளை எங்களிடம் வருகிறது. வருமானத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்து உதவ ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

இப்போது அந்தச் சிவப்பு வண்ணத்துக்கு வருகிறேன். புரிவதற்கு எளிதாக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் பத்துப் பேர். ஆறு பேர் 80 மதிப்பெண்ணும் நான்கு பேர் 40 மதிப்பெண்ணும் வாங்குகிறவர்கள் என்றால் வகுப்பின் சராசரி 64. கோடை விடுமுறையில் 80 வாங்கும் மூவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாக 40 வாங்கும் மூவர் வந்து சேர்கிறார்கள். அடுத்த ஆண்டு சராசரி 52. எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் பள்ளி 12 புள்ளிகள் 'இறங்கிவிட்டது'. அந்த ஆண்டு ஆசிரியர் உயிரைக் கொடுத்து உழைத்து, 40 வாங்கிய ஏழு பேரையும் 45க்கு உயர்த்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சராசரி 55.5தான். வகுப்பில் யாரும் பின்னேறவில்லை, பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்னேறியிருக்கிறார்கள். தாளில் மட்டும் 64 என்பது 55.5 ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியக்கூடியது. அன்றைய கூட்டத்தில் எனக்கு இது தோன்றாமல் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சிறிய பள்ளிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஏழு பேர். ஒரு பிள்ளைக்குத் தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் வகுப்பின் தேர்ச்சி 14 சதவீதம் சரிந்துவிடும். நூற்றைம்பது பேர் படிக்கும் நகராட்சிப் பள்ளியில் அதே காய்ச்சல் ஒரு சதவீதத்தைக்கூட அசைக்காது. பட்டியலின் உச்சியிலும் அடியிலும் எப்போதும் சிறிய பள்ளிகளே மாறி மாறி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு ஆண்டு பச்சையில் வந்து பாராட்டு வாங்கிய ஈராசிரியர் பள்ளி அடுத்த ஆண்டே சிவப்பில் வந்து விளக்கக் கடிதம் எழுதுவதை எங்கள் வட்டாரத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டிலும் அதே ஆசிரியர்கள், அதே கரும்பலகை.

சென்ற ஆண்டின் ஐந்தாம் வகுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒப்பிட்டுப் பேசப்பட்ட வகுப்பு, 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய அணி. பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஆகவே பென்சில் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் ஆண்டை வீட்டு வாசலிலேயே கழித்துவிட்டு, நேராக இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். தொலைக்காட்சிப் பாடம் நடந்ததே என்று கேட்கலாம். எங்கள் இருளர் குடியிருப்பில் அப்போது பல வீடுகளில் மின்சாரமே கிடையாது.

'அரசுப் பள்ளியில் படிப்பு இல்லை, தனியாரில் இருக்கிறது' என்ற பேச்சை ஒரு தேர்ந்த ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் 2008 முதல், பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு பெரிய பரிசோதனையை ஆராய்ந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் தனியார் பள்ளிக்குப் போக விரும்பி விண்ணப்பித்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, குலுக்கலில் வென்றவர்களுக்கு மட்டும் கட்டண உதவி கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே வகைக் குடும்பங்கள். அதனால் வீட்டுச் சூழலின் செல்வாக்கையும் பள்ளியின் செல்வாக்கையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தனியாரில் கூடுதலாகக் கற்பிக்கப்பட்ட இந்தியில் மட்டும் அவர்கள் முன்னே இருந்தார்கள். வேனில் போகிற பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குவதில் பெரும்பங்கு வேன் வந்து நிற்கும் வீட்டுக்கு உரியது என்று இதற்குப் பொருள். எங்கள் தரப்புக்குச் சாதகமான இந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. அந்தத் தனியார் பள்ளிகள் இதே தெலுங்கையும் கணக்கையும் குறைந்த நேரத்தில், ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே செலவிட்டுச் சாதித்தன என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அரசுச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்கள் அந்த இரண்டாம் பாதியைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும்.

வீடா, பள்ளியா என்ற இந்த வழக்கு பழையது. அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கை, பள்ளியின் கட்டடம், செலவு போன்றவற்றைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணியும் உடன் படிப்பவர்களின் பின்னணியும் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையவை என்று சொல்லிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1983இல் ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் பல நாடுகளின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, நாடு எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்குப் பள்ளி, ஆசிரியர் தரத்தின் பங்கு கூடுகிறது என்று கண்டார்கள். எனக்கு இந்த இரண்டாவது முடிவில் நம்பிக்கை அதிகம். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைக்கு எழுத்து கிடைக்கிற ஒரே இடம் பள்ளிதான் என்னும்போது அங்கே என்ன நடக்கிறது என்பது எப்படி முக்கியமில்லாமல் போகும்?

ஆசிரியர்கள் நாங்கள் கூடிப் பேசும்போது, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சியின் தேநீர் இடைவேளையில், ஒரு வாக்கியம் அடிக்கடி கேட்கும்: "நமக்கு வர்ற பிள்ளைங்க அப்படி, என்ன செய்யறது?" நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். மேலே போட்ட சராசரிக் கணக்கை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் அது இந்த வாக்கியத்துக்குத்தான் துணைபோகும். எங்கள் பதிவேட்டைச் சாதி வாரியாகப் பிரித்து மதிப்பெண் போட்டுப் பார்த்தால் இருளர் பிள்ளைகளின் வரிசை கீழே நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு பதிவேட்டை மூடிவிடுகிறவர்கள் உண்டு. நான் மூடாமல் இருந்ததற்கு ஒரு பிள்ளைதான் காரணம். இருளர் குடியிருப்பிலிருந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, இடையில் எங்கும் போகாமல் ஐந்து ஆண்டும் எங்களிடமே இருந்த ஒரு பையன், மதிய உணவு இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து சிறுவர் கதைப் புத்தகத்தைத் தன் தங்கைக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எந்தச் சாதிக் கட்டத்தின் சராசரிக்கும் அவன் பொருந்தவில்லை. அவன் எதில் வேறுபடுகிறான் என்று பார்த்தபோதுதான் பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டம் எனக்குத் தெரிந்தது.

ஒரு பழைய நோட்டில் 38 பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே, இந்தப் பள்ளியில் உண்மையாக எத்தனை மாதம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுத்துப் போட்டேன். பெயர் பதிவான மாதங்களை விட்டுவிட்டு, வந்த நாட்களை மாதங்களாக மாற்றினேன். பிறகு அந்த வரிசைப்படி பெயர்களை மாற்றி அடுக்கினேன். இருபது மாதத்துக்கு மேல் வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடுகிறார்கள். அவர்களில் ஆதிதிராவிடரும் இருளரும் மற்றவரும் கலந்தே இருந்தார்கள். வாசிக்கத் திணறியவர்களில் பெரும்பாலானோர் மாதக் கணக்கு குறைந்தவர்கள். இது ஓர் ஆய்வு அல்ல. 38 பெயர்களை வைத்துக்கொண்டு உலகத்துக்கு ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கள் பள்ளியில் நான் திங்கட்கிழமை காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. இருளர் குடும்பங்கள் மரம் வெட்டவும் சூளைக்கும் பிள்ளைகளோடு போய் மாதக் கணக்கில் தங்கிவிடுகின்றன. சாதியின் பெயரில் நான் இத்தனை காலம் படித்துக்கொண்டிருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தப் பயணக் கணக்குதான்.

ஒடிசாப் பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சூளை வேலை தொடங்கும்போது அந்தக் குடும்பங்கள் வருகின்றன. ஜூனில் மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. இரண்டு ஊரின் பள்ளி ஆண்டும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஒடிய மொழி ஆசிரியர்களை வைத்துச் சூளைகளிலேயே சிறப்பு மையங்கள் நடந்த ஆண்டுகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. எங்கள் பகுதிச் சூளைகளில் மையம் இல்லாததால் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். அப்படி ஒரு ஜனவரியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். தமிழில் ஒரு சொல் தெரியாது. எனக்கு ஒடியாவில் ஒரு சொல் தெரியாது. மறு வாரம் நடந்த மதிப்பீட்டில் எழுத்து, சொல், வாக்கியம் எல்லாவற்றிலும் அவள் பெயருக்கு எதிரே பூஜ்ஜியம் பதிவாயிற்று.

அந்த வாரமே ஒரு நாள், மணிகளை வைத்துப் பத்துப் பத்தாகக் கட்டும் கணக்குச் செயல்பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். அவள் மணிகளைத் தொடவில்லை. தரையில் சாக்பீஸால் செங்கல் அடுக்கு ஒன்றை வரைந்தாள்: ஒரு வரிசையில் எத்தனை, எத்தனை வரிசை என்று விரலைக் காட்டிவிட்டு, கீழே தன் மொழி எண்களில் ஏதோ எழுதினாள். எனக்கு அந்த எண்கள் புரியவில்லை. அவளே புரிந்துகொண்டு கோடுகளாகப் போட்டுக் காட்டினாள். விடை சரி. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. அப்பாவும் அம்மாவும் அன்று எத்தனை கல் அறுத்தார்கள் என்று எண்ணிச் சொல்வது அந்த வீட்டில் அவளுடைய வேலை. மூன்றாம் வகுப்புப் பெருக்கலை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். அவள் எழுதுகிற மொழி எங்கள் தாளில் இல்லை என்பதால் அவள் மதிப்பெண் பூஜ்ஜியம்; அந்தப் பூஜ்ஜியம் வகுப்பின் சராசரிக்குள்ளும் போயிற்று.

பிள்ளை எதை அறிந்திருக்கிறது என்பதைவிட, அதை எப்படிக் கேட்கிறோம் என்பது மதிப்பெண்ணை அவ்வளவு தூரம் மாற்றும். அடிக்கடி பேசப்படும் ஏசர் (ASER) என்ற கற்றல் ஆய்வில் தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். வீடு தேடிப் போவதால் அரசுப் பள்ளிப் பிள்ளை, தனியார் பள்ளிப் பிள்ளை, பள்ளிக்கே போகாத பிள்ளை எல்லாரும் அதில் வருகிறார்கள். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பரில் தேசிய அளவில் நடந்த பரக் (PARAKH) ஆய்வும் பள்ளிக்குள், வகுப்பில் அன்று வந்திருந்தவர்களிடம், விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளாக நடந்தவை. ஒன்றின் முடிவை இன்னொன்றோடு நேராக ஒப்பிட்டு 'தமிழ்நாடு ஏறிவிட்டது, இறங்கிவிட்டது' என்று எழுதுவது தராசையும் முழக்கோலையும் ஒப்பிடுவது போன்றது. அவை எதுவும் என் பள்ளியைப் பற்றியவையும் அல்ல. மாநிலத்தையோ மாவட்டத்தையோ பற்றியவை. ஆனால் அந்தத் தலைப்புச் செய்தி வருகிற வாரம் எங்களைப் போன்ற பள்ளிகளுக்குத்தான் பார்வையிட ஆள் வரும்.

வகுப்பறைக்குள் என்ன மாறியிருக்கிறது என்றால், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல், கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்திருக்கும் எனக்கு இது புதிதல்ல. பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக முன்னேறும் செயல்வழிக் கற்றல் முறைக் காலத்தின் ஏணிப்படிகளும் அட்டைகளும் கம்பிப் பந்தலும் இதே கருத்தில் பிறந்தவைதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் வந்த முறை அது. நிலை வாரியாகப் பிரிப்பது நல்லது. அரும்பில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அரும்பு என்று வாய்விட்டுச் சொல்ல அது எனக்கு இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொரு நிலையையும் செயலியில் பதிவேற்ற ஆகும் நேரமும், இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போகிற நாட்களில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழுவதும் எந்தத் தாளிலும் வருவதில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. பிள்ளைகளின் தலையை மட்டும் எண்ணிய கணக்கு அது. வகுப்புகள் ஐந்து என்பதை எண்ணவில்லை. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்டு 1 நிலவரப்படி நடக்கிறபோது நாங்கள் பிள்ளைகளை எண்ணுகிற வேகத்தைப் பார்த்தால், சூளைப் பெண்ணின் கணக்கு தோற்றுவிடும்.

நான் தயக்கமில்லாமல் நல்லது என்று சொல்லக்கூடியது காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம். மதிய உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடைப்பட்ட பசியை அதற்கு முன் யாரும் எண்ணவில்லை. முதல் பாடவேளையில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண் செருகும் பிள்ளையை மந்தம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். புதன்கிழமைப் பொங்கல் நாளில் எங்கள் வருகைப் பதிவேட்டில் 'வ' எழுத்துகள் கூடுதலாக விழுகின்றன. வருகை கூடினால் நான் முன்பு சொன்ன மாதக் கணக்கு கூடும். ஒரு கரண்டிப் பொங்கலுக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பு எங்கள் பள்ளியில் அவ்வளவு நேரானது.

இன்னொரு வேலை தாள் சார்ந்தது. ஒன்பது இருளர் பிள்ளைகளில் நால்வருக்குச் சாதிச் சான்று இல்லை. பழங்குடியினருக்கான சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று இல்லாத நிலையில் பிள்ளைக்கு அதை வாங்குவது எளிதல்ல. சான்று இல்லாவிட்டால் மேல்வகுப்புகளில் உதவித்தொகை, விடுதி என்று எல்லா வாசலிலும் அந்தப் பிள்ளை நின்றுவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். இரண்டு பேருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. இடம்பெயர்ந்து போகும் இருளர் குடும்பங்களில் மூன்று, பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகச் சம்மதித்தன, மற்றவை சம்மதிக்கவில்லை. பாட்டிக்கே சோறு யார் போடுவார்கள் என்று அவர்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த ஆண்டு ஆய்வுக் கூட்டத்துக்கு முன்பு கொடுக்கப்பட்ட படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, 'பள்ளியில் இருந்த மாதங்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்து நிரப்பிக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தவர், "இது என்னம்மா, படிவத்தில் இல்லையே?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனால் இதை ஏற்ற இடம் இல்லை" என்று சொல்லிப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார். அதுவும் உண்மைதான், பிள்ளைகளின் விவரங்களை ஏற்றுகிற அரசின் எமிஸ் தளத்தில் அதற்கு இடம் இல்லை.

எமிஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. டிசம்பரில் சூளை வேலை தொடங்கியதும் சென்ற ஆண்டுப் பிள்ளைகளில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். அந்தச் செங்கல் அடுக்கு வரைந்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி. ஜூனில் போனவர்களை விதிப்படி, பள்ளியை விட்டுப் போனவர்களுக்கான எமிஸின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு அனுப்பியிருந்தோம். தேடியபோது இருவருக்குப் பழைய எமிஸ் எண் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு அவள் பெயரை நான் எழுதிய எழுத்துக் கூட்டல் வேறு, இந்த ஆண்டு அவளுடைய அப்பா கொண்டுவந்த ஆதாரில் இருப்பது வேறு. கடைசியில் அவளுக்கும் இன்னொருவனுக்கும் புதிய எண்ணைப் போட்டுச் சேர்த்தோம். ஆகவே கணக்குப்படி, சென்ற ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் இடைநின்றுவிட்டாள். இந்த ஆண்டு வேறொரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அந்தப் புதிய பெண் வந்த முதல் நாளே எனக்குத் தமிழில் வணக்கம் சொன்னாள்.